இரண்டு சுபாவங்கள்

சில வருடங்களுக்கு முன் திருத்திய ஒரு விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தது: "இயேசு கிறிஸ்துவுக்கு இரண்டு சுபாவங்கள் உண்டு. ஒன்று சாந்த சுபாவம். குழந்தைகளை அழைத்தபோது இதைக் காட்டினார். மற்றொன்று கோப சுபாவம். தேவாலயத்தில் காசுக்காரர்களுடைய பலகைகளைக் கவிழ்த்தபோது இது வெளிப்பட்டது."

கேள்வி, 451ஆம் ஆண்டு பிஷப்மார் கூடிய கல்செதோன் சங்கம் வெளியிட்ட அறிக்கையைப் பற்றியது. கிறிஸ்து முழுக்கத் தெய்வமும் முழுக்க மனிதனுமான ஒரே ஆள் என்பது அதன் சாரம். பன்னிரண்டு மதிப்பெண். சிரித்துவிட்டு இரண்டு போட்டேன். தாள்களைக் கட்டி வைத்த பிறகுதான் உறுத்தியது. 'பையன் நல்ல சுபாவம்' என்று சம்பந்தம் பேச வருகிறவர்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கொண்டுபோய், கிரேக்கத்தில் ஒன்று அடிப்படையில் என்னவாக இருக்கிறது என்பதைச் சொல்லும் 'ஃபூசிஸ்' இருந்த இடத்தில் உட்காரவைத்தது நாங்கள். தமிழ் தெரிந்த ஒரு பையன் தமிழாகவே அதை வாசித்திருக்கிறான். அதற்குப் பத்து மதிப்பெண்ணைக் குறைப்பது என்ன நியாயம்?

நான் தமிழ்வழியில் இறையியல் கற்பிக்கிறவன். பாடத்தின் பெயரை 'முறைசார் இறையியல்' என்று எழுதுவோம். ஆசிரியர் அறையில் அது வெறும் 'சிஸ்டமேட்டிக்ஸ்'. கடவுள், கிறிஸ்து, ஆவியானவர், சபை, இரட்சிப்பு, கடைசிக் காலம் என்று கிறிஸ்தவர்கள் நம்புவதையெல்லாம் ஒன்றோடொன்று முரண்படாமல் கோத்துச் சொல்லும் முயற்சி அது. கோப்பதில் பெரிய சிரமம் இல்லை. எந்த வீட்டுச் சொல்லில் கோப்பது என்பதில்தான் இத்தனை வருடமும் போயிருக்கிறது.

என் தாத்தா திருநெல்வேலிப் பக்கம், எஸ்.பி.ஜி. பாட்டி நாகர்கோவில், எல்.எம்.எஸ். ஒருவர் ஆங்கிலிக்கன் மிஷன் வளர்த்த சபை, மற்றவர் காங்கிரிகேஷனல் மிஷன் வளர்த்த சபை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இரண்டு பேரும் ஒரே சபையார் ஆனார்கள். ஆனாலும் பாட்டி கடைசிவரை, பார்த்து வாசிக்கும் ஜெபத்தை ஜெபம் என்று ஒத்துக்கொள்ளவில்லை. "புஸ்தகத்தை மூடிட்டு அவர்கிட்ட பேசுங்க" என்பார். எனவே சபை ஐக்கியம் என்பது எனக்கு மாநாட்டு அரங்கில் தொடங்கியதல்ல.

ஆனால் நான் படித்தது பெங்களூரில், இறையியல் பட்டம் வழங்கும் செராம்பூர் செனட்டோடு இணைந்த ஒரு கல்லூரியில். பி.டி. என்ற இறையியல் பட்டம் முடித்துச் சில காலம் சபை ஊழியம் பார்த்துவிட்டு, மேற்படிப்புக்குப் போனேன். வகுப்பு ஆங்கிலத்தில். விடுதித் தாழ்வாரத்தில் நாகாலாந்து பாப்டிஸ்ட் ஒருவர், மிசோரம் பிரஸ்பிட்டேரியன் ஒருவர், கோட்டயம் பக்கத்து ஆர்த்தடாக்ஸ் டீக்கன் ஒருவர், நடுவில் நான். நாகா நண்பர் புளிக்கவைத்த சோயாவான அக்குனியைச் சமைத்த அன்று நான் ஜன்னலைத் திறந்து வைத்தேன். நான் நெத்திலிக் கருவாடு வறுத்த அன்று மூன்று பேரும் கதவையே சாத்திக்கொண்டார்கள். கலாசாரங்களுக்கிடையேயான உரையாடல் பற்றிப் பிறகு எத்தனையோ கட்டுரை படித்துவிட்டேன். அந்தக் கதவு சாத்தப்பட்ட சத்தம்தான் ஞாபகத்தில் இருக்கிறது.

முதல் பருவத்தில் ஒரு கருத்தரங்கக் கட்டுரை வாசித்தேன். பி.டி.யில் எழுதிக்கொண்ட குறிப்பிலிருந்து அப்படியே: கல்செதோனை ஏற்காதவர்கள் 'மோனோஃபிசைட்' என்ற தப்பறைக்காரர்கள், கிறிஸ்துவின் மனிதத்தன்மை தெய்வத்தன்மையில் கடலில் விழுந்த துளிபோலக் கரைந்துவிட்டது என்று நம்பினார்கள். முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினால் எதிரே டீக்கன். அவருடைய மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை, கல்செதோனை ஏற்காத சபைகளில் ஒன்று. அவர் எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கரைந்துபோய்விட்டது என்று போதித்த யூட்டிகஸை நாங்களும் சபிக்கிறோம், தெரியுமா?" என்றார். தெரியாது. "எங்களுக்கு அலெக்சாந்திரியா பிஷப் சிரில் சொன்னதுதான் வேதவாக்கு. மாம்சமான தேவ வார்த்தைக்கு ஒரே இயல்பு. அதற்குள் தெய்வத்தன்மையும் முழுசாக இருக்கிறது, மனிதத்தன்மையும் முழுசாக இருக்கிறது." பிறகு ரசத்தை ஊற்றிக்கொண்டு, "ஆயிரத்தைந்நூறு வருஷமாக எங்கள் பெயரை நீங்கள்தான் எழுதுகிறீர்கள்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

அவர் எனக்குக் கொடுத்தது அவருடைய சபையைச் சேர்ந்த வி.சி. சாமுவேலின் புத்தகம். கல்செதோனை மறுபடி விசாரித்து 1977இல் வெளிவந்தது. 1964இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில், கல்செதோனை ஏற்ற கிழக்குச் சபையினரும் ஏற்காதவர்களும் அதிகாரபூர்வமற்ற முறையில் கூடிப் பேசினார்கள். சாமுவேலும் அதில் இருந்தார். பேசிப் பார்த்ததில் இரு தரப்பும் வேறு வேறு சொற்களில் ஒரே விசுவாசத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அதைப் படித்த பிறகுதான், மனப்பாடமாகத் தெரிந்திருந்த இன்னொரு விஷயம் எனக்கு அர்த்தமானது. 362இல் அலெக்சாந்திரியாவில் அதன் பிஷப் அத்தனாசியுஸ் ஒரு சின்னச் சங்கத்தைக் கூட்டினார். கடவுளில் மூன்று 'ஹிப்போஸ்டாசிஸ்' என்று ஒரு கட்சி, ஒன்றே ஒன்று என்று இன்னொரு கட்சி. இவர்களுக்கு அவர்கள் மூன்று தெய்வக்காரர்கள். அவர்களுக்கு இவர்கள் பிதா, குமாரன், ஆவி என்பதெல்லாம் வெறும் பெயர் என்கிறவர்கள். அத்தனாசியுஸ் தீர்ப்பு எழுத உட்காரவில்லை. நீங்கள் மூன்று என்று எதைச் சொல்கிறீர்கள், நீங்கள் ஒன்று என்று எதைச் சொல்கிறீர்கள் என்று இரு பக்கமும் விசாரிக்கப்பட்டது. மூன்று என்றவர்கள் 'ஆள்' என்ற பொருளில் சொன்னார்கள். ஒன்று என்றவர்கள் 'உள்பொருள்' என்ற பொருளில் சொன்னார்கள். எவ்வளவோ பெரிய சங்கங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதவைக்கிறோம். இதற்குப் பாடத்திட்டத்தில் அரை வரி. என் கையில் இருந்தால் முதல் வாரம் முழுக்க இதைத்தான் நடத்துவேன்.

ஆனால் எல்லாச் சண்டையும் சொல் சண்டை என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மிதப்பு எனக்கும் ஒரு வருடம் இருந்தது. நாகா நண்பர்தான் இறக்கினார்.

அக்காள் மகளுக்கு பெங்களூரிலேயே ஞானஸ்நானம். நண்பரை அழைத்திருந்தேன். வந்தார், பின்வரிசையில் மரியாதையாக நின்றார், பிரியாணி சாப்பிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "குழந்தை எதை விசுவாசித்தது?" என்று கேட்டார். என்னிடம் விடை தயாராக இருந்தது. கிருபை நாம் கேட்பதற்கு முன்னாலேயே வருவது, கைக்குழந்தைதான் அதற்குச் சரியான அடையாளம், மற்றதைச் சபை சுமக்கும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "அப்படியானால் திருவிருந்தை மட்டும் ஏன் பதினைந்து, பதினாறு வயதில் திடப்படுத்தல் என்ற சடங்கு வரைக்கும் நிறுத்தி வைக்கிறீர்கள்? அங்கே மட்டும் குழந்தைக்குப் புரிய வேண்டுமா?" என்றார்.

விடுதிக்கு வந்து டீக்கனிடம் சொன்னால், அவர் என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "நாங்கள் ஞானஸ்நானம் கொடுத்த கையோடு குழந்தைக்கு நற்கருணையும், அதாவது உங்கள் திருவிருந்தும், கொடுத்துவிடுகிறோம். கேள்வி உங்களுக்குத்தான்" என்றார். ஒருவர் இரண்டையும் தள்ளி வைக்கிறார். இன்னொருவர் இரண்டையும் உடனே கொடுக்கிறார். ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பிடித்துக்கொள்கிற நாங்கள் நடுவில் மாட்டிக்கொண்டோம். ஞானஸ்நானம், நற்கருணை, ஊழியம் பற்றி பல சபையார் சேர்ந்து 1982இல் லீமாவில் வெளியிட்ட அறிக்கை, ஞானஸ்நானத்தைத் திரும்பக் கொடுக்கக் கூடாது என்கிறது. நாகா நண்பர் அதற்கும் தலையாட்டுவார்: "நாங்களும் இரண்டாம் முறை கொடுப்பதில்லை. உங்களுடையதை முதல் முறையாக எண்ணுவதில்லை, அவ்வளவுதான்." இங்கே சொல்லை மாற்றினால் எதுவும் மாறாது. அவருக்கு நான் இன்னும் நல்ல விடை சொல்லவில்லை.

மிசோ நண்பர் அதிகம் பேசமாட்டார். பிலிப்பியர் நிருபத்தில் கிறிஸ்து 'தம்மைத்தாமே வெறுமையாக்கி' என்று வருகிற இடத்தை ஒரு நாள் நடத்தினார்கள். எதை வெறுமையாக்கினார், எல்லாம் அறியும் ஆற்றலையா, மகிமையையா என்று ஜெர்மானிய அறிஞர்களின் விவாதம் ஒரு மணி நேரம் ஓடியது. கடைசியில் அவர், எங்கள் மொழியில் ட்லோம்ஙைனா என்று ஒரு சொல் இருக்கிறது என்றார். தன் சௌகரியத்தைப் பார்க்காமல், யாரும் கேட்கும் முன், சொல்லிக்காட்டாமல் பிறருக்காக ஒன்றைச் செய்துவிடுகிற பண்பு. ஊரில் ஒரு சாவு விழுந்தால் இளைஞர்கள் தாங்களே போய்க் குழி வெட்டுவார்கள், கூலி கிடையாது, யார் வெட்டினது என்ற பேச்சும் கிடையாது. "அவர் எதை இழந்தார் என்ற கணக்கு எங்களுக்குத் தோன்றாது. வந்து வெட்டினார்." இதை நான் தமிழில் நடத்தும்போது ஒரே சொல்லாகச் சொல்ல முடிந்ததில்லை. குழி வெட்டுகிற கதையைத்தான் சொல்கிறேன்.

ஒரு தடவை அந்தக் கதையைச் சொன்ன வகுப்பில், கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவர் எழுந்தார். அதற்கு முந்தின வாரம்தான், கத்தோலிக்க நண்பரோடு ஒரே பாத்திரத்தில் பங்கு பெற முடியாத வருத்தத்தைப் பற்றி உருகிப் பேசியிருந்தேன். "ஐயா, நீங்க ரெண்டு சபை ஒரு பாத்திரத்துல குடிக்க முடியலன்னு வருத்தப்படுறீங்க. எங்க ஊர்ல ஒரே சபைதான். ஒரே போதகர், ஒரே பாத்திரம். கல்லறை மட்டும் ரெண்டு" என்றார்.

சாதியைச் சபைக்குள் விடக் கூடாது என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் கண்டித்து எழுதியதும், அதற்குத் தமிழ்ச் சபைகளில் கிளம்பிய எதிர்ப்பும் பாடத்தில் உண்டு. சபைச் சரித்திரப் பாடத்தில், இன்னொரு ஆசிரியரின் நேரத்தில். என் பாடத்தில் 'சபையின் ஒருமை' என்ற தலைப்பின் கீழ் ரோம், கான்ஸ்டான்டிநோப்பிள், ஜெனீவா எல்லாம் வந்தன. அவருடைய ஊர் வரவில்லை. அர்விந்த் நிர்மல் 1981இலேயே தலித் இறையியலுக்கு அடி போட்டுவிட்டார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' தியோபிலஸ் அப்பாவு, ஊரே ஒரே உலையில் ஆக்கித் தின்பதைத் திருவிருந்தோடு சேர்த்துப் பாடியும் கற்பித்தும் வந்தார். இவற்றையெல்லாம் கடைசி அலகாக, நேரம் இருந்தால் நடத்துவது என்று வைத்திருந்தேன். அடுத்த ஆண்டு 'சபையின் ஒருமை'யை அந்த இரண்டு கல்லறையிலிருந்து தொடங்கினேன். அந்த மாணவரிடம் கேட்டுவிட்டு, ஊர்ப் பெயர் இல்லாமல்.

இப்போது எங்கள் ஊரில் மாதம் ஒரு சாயங்காலம் நான்கு பேர் கூடுகிறோம். கத்தோலிக்கப் பங்குத்தந்தை, மலையாளிகளுக்கான ஆர்த்தடாக்ஸ் சபையின் அச்சன், பெந்தெகொஸ்தே பாஸ்டர், நான். அங்கே கதவைத் திறக்கும் பையனுக்கு ஒருவர் சாமி, ஒருவர் அச்சன், ஒருவர் பாஸ்டர், நான் ஐயர். 2025இல் நிசேயா சங்கத்துக்கு 1700 வருடம் நிறைகிறதே, அந்த விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் சேர்ந்து சொல்லலாம் என்று ஆரம்பித்தோம். "எங்க சபையில பிரமாணமே கிடையாது பிரதர், வேதம்தான் பிரமாணம். ஆனா கேக்குறேன்" என்றார் பாஸ்டர்.

ஆவியானவர் 'குமாரனிடத்திலுமிருந்து' புறப்படுகிறார் என்ற இடத்தில் அச்சன் வாயை மூடிக்கொள்வார் என்பது எதிர்பார்த்ததுதான். நிசேயாவின் பிரமாணம் 381இல் விரிவாகி நிலைத்த மூலத்தில் அது இல்லை, மேற்கில் பிறகு சேர்த்தது. நாங்கள் நின்றது அதற்கு வெகு முன்னால். எங்கள் புத்தகத்தில் குமாரன் பிதாவோடே 'ஒரே தன்மையுடையவர்'. சாமி சொல்வது, தந்தையோடு 'ஒரே பொருளானவர்'. பாஸ்டர் உடனே, "பொருள்னா சாமான் இல்லையா?" என்றார். சாமி, "மெய்ப்பொருள், பரம்பொருள் எல்லாம் சாமானா பாஸ்டர்?" என்றார். நான் எங்கள் புத்தகத்துக்காகக் கொஞ்ச நேரம் வாதாடினேன். பிறகு ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டு தங்கச் சங்கிலிக்கும் தன்மை ஒன்றுதான், ஆனால் சங்கிலி இரண்டு. நிசேயா சொல்ல வந்தது அதைவிடக் கெட்டியான ஒன்று. 'பொருள்' அதைத் தாங்குகிறது, 'தன்மை' அவ்வளவு தாங்கவில்லை. சின்ன வயதிலிருந்து மனப்பாடமாய்ச் சொல்லி வந்ததில் ஒரு சொல் இளைத்துத் தெரிவது சங்கடம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அந்த வரி வரும்போது இப்போதும் 'தன்மை' என்றுதான் சொல்கிறேன். முன்னைவிடச் சற்று மெதுவாக.

இந்த முறை கேள்வித்தாளில் கேள்வியை மாற்றினேன்: 'சுபாவம் என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் கல்செதோன் அறிக்கையை விளக்குக.' ஆசிரியர் அறையில் இது என்ன விடுகதைப் போட்டியா என்று கேட்டார்கள். பாதிப் பேர் சுபாவத்துக்குப் பதிலாகக் குணம் என்று எழுதி, பழைய குழிக்குள்ளேயே மறுபடி விழுந்தார்கள். ஒரு மாணவியின் தாளில் மட்டும், கலவாமல், மாறாமல், பிரிவுபடாமல், விலகாமல் என்ற நான்கையும் வரிசையாகச் சொல்லி, கல்செதோனை ஏற்காதவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்றும் ஒரு பத்தி இருந்தது. ஓரத்தில் பென்சிலில் சின்னதாக: "ஐயா, 'இயல்பு' என்று எழுதியிருக்கிறேன். அது ஆர்.சி. சொல். பரவாயில்லையா?"

பன்னிரண்டுக்குப் பத்து போட்டேன். ஒன்றை எழுத்துப்பிழைக்காகக் குறைத்தேன். இன்னொன்றை எதற்குக் குறைத்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.