ஒரு கன்டெய்னர் தேயிலைக்கு வரவேண்டிய பணம்

2019-இல் குன்னூரில் ஒரு சிறிய ஏற்றுமதி நிறுவனத்தில் ஆவணங்கள் தயாரிக்கும் வேலையில் இருந்தேன். ஈரானுக்கு ஒரு கன்டெய்னர் ஆர்த்தோடாக்ஸ் தேயிலை (இலையை உருட்டிப் பதப்படுத்தும் பழைய முறைத் தேயிலை) அனுப்பிவிட்டு, அதற்கான பணம் வந்து சேர நான் பட்ட பாடு இது.

லெபனானில் ஹிஸ்புல்லா, ஏமனில் ஹூதிகள் என்ற போராளிக் குழுக்களுக்கு ஆயுதம் கொடுத்து அண்டை நாடுகளைக் குலைக்கிறது என்பது ஈரான் மீது அமெரிக்கா சுமத்திய குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2018 மே மாதம் ஈரானுடனான அணு ஒப்பந்தத்திலிருந்து விலகிய அமெரிக்கா, நவம்பருக்குள் பழைய தடைகளைத் திரும்பக் கொண்டுவந்தது. உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. அந்த வரியை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

கப்பலில் இடம் பிடிக்கவே மூன்று வாரம் ஆனது. பெரிய கப்பல் நிறுவனங்கள் பல ஈரான் பக்கம் போவதை நிறுத்தியிருந்தன. ஒருவழியாகச் சரக்கு ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகம் போய்ச் சேர்ந்தது.

பில், கப்பல் ரசீது, தோற்றச் சான்றிதழ் எல்லாவற்றையும் வங்கியில் கொடுத்தேன். பத்து நாள் கழித்து, வாங்குபவரின் பங்குதாரர் பெயர் தடைப்பட்டியலில் இருக்கிறது என்றார்கள். நம் ஊரில் முருகேசன் எத்தனை பேர்! அதே பெயருள்ள வேறொருவர் பட்டியலில் இருந்தார். பிறந்த தேதியைக் காட்டினால் தீர்ந்துவிடும் என்று அடையாள அட்டையை வரவழைத்தேன். அதில் பாரசீக எண்களில் 1349, ஐந்தாம் மாதம் என்று இருந்தது. ஈரானியச் சூரிய ஆண்டு அது, மார்ச்சில் பிறக்கும். நம் கணக்குக்கு 1970 ஜூலை அல்லது ஆகஸ்ட். மாற்று அட்டவணை ஒன்றை இணைத்து, எண்களுக்கு மேல் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். அது போதாது, பாஸ்போர்ட் வேண்டும் என்றார்கள். அந்தப் பங்குதாரர் அன்றிரவே அனுப்பினார். தேயிலை வாங்கியதற்காக ஒரு மனிதர் தான் யார் என்று இத்தனை முறை நிரூபிக்க வேண்டியிருந்தது எனக்கு வேதனையாக இருந்தது. ஈரான் அரசு செய்வதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்த வியாபாரி எந்தப் போரையும் நடத்தவில்லை.

பெயர்ச் சிக்கல் தீர்ந்த பிறகுதான் பெரிய சிக்கல் எங்கே என்று புரிந்தது. ஈரானிடம் வாங்கும் கச்சா எண்ணெய்க்கு இந்தியா ரூபாயில் கட்டிய பணம் இங்குள்ள ஒரு வங்கிக் கணக்கில் சேரும். அதிலிருந்துதான் தேயிலைக்கும் அரிசிக்கும் மருந்துக்கும் பணம் வரும். ஈரான் எண்ணெயை வாங்க இந்தியாவுக்கு அமெரிக்கா கொடுத்திருந்த சலுகை 2019 மே மாதத் தொடக்கத்தில் முடிந்தது, எண்ணெய் வாங்குவதும் நின்றது. ஊற்று நின்ற கிணற்றில் எல்லோரும் இறைத்துக்கொண்டிருந்தோம்.

எழுபத்து நான்காம் நாள் பணம் வந்தது. அதே வாரம் ஈரான் வியாபாரியிடமிருந்து அடுத்த ஆர்டரும் வந்தது, இரண்டு கன்டெய்னருக்கு. முதலாளி வேண்டாம் என்றார். மறுப்புக் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். அந்த வியாபாரி தொலைபேசியில் அழைத்து, “தேயிலைக்குத் தடை இல்லையே?” என்று கேட்டார். இல்லை என்றேன்.