சட்டம் வந்த வருஷமும் வீட்டுக்கு வந்த வருஷமும்

குடும்ப நாவல் ஒன்று எடிட்டிங்குக்கு வந்தால், படிக்க உட்காருவதற்கு முன் எக்செல்லில் ஓர் அட்டவணை போட்டுவிடுவேன். இடது ஓரத்தில் வருஷங்கள், மேலே பாத்திரங்களின் பெயர்கள், கட்டங்களில் அவரவர் வயது. நான்கு தலைமுறைக் கதைக்குள் இது இல்லாமல் இறங்கினால் கொள்ளுப்பாட்டி ஒன்பது வயதில் பிள்ளை பெற்றிருப்பாள். முந்நூறாவது பக்கத்தில் காரியம் முடிந்த சித்தப்பா, ஐந்நூறாவது பக்கத்தில் வளைகாப்புப் பந்தியை விசாரித்துக்கொண்டிருப்பார்.

வயதுக்கு அடுத்து பொருட்கள். 1965ல் எழுதிய கடிதத்தின் உறையில் பின்கோடு இருக்கும். பின்கோடு வந்ததோ 1972 ஆகஸ்ட் 15ல். 1970ல் ஒரு பையன் பிளஸ் டூ தேறுவான். அப்போது பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி., அதற்குப் பிறகு கல்லூரியில் பி.யு.சி. பிளஸ் டூ 1978ல்தான். நயா பைசா 1957 ஏப்ரல் 1க்கு முன் யார் மடியிலும் இருக்க முடியாது. இவையெல்லாம் எளிய திருத்தங்கள். பென்சிலால் வட்டமிட்டுவிட்டுப் போகலாம். வட்டமிட்டுத் தீராத ஒன்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

கும்பகோணம் பக்கத்து மிராசுதார் குடும்பம் ஒன்றின் கதை அது. எழுதியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. நான் அவரை டீச்சர் என்பேன், அவருக்கு நான் தம்பி. எண்ணூறு பக்கத்தைத் தாண்டிய கையெழுத்துப் பிரதி, கோடு போட்ட நோட்டில், அடித்தல் திருத்தல் இல்லாத பள்ளிக்கூட எழுத்து. 1920களில் தொடங்கி 2000களில் முடிகிறது. அந்த எண்பது வருஷத்தில் நாட்டில் நடந்த பெரிய காரியம் எதையும் இந்தக் குடும்பம் தவறவிடவில்லை. தாத்தா உப்புச் சத்தியாகிரகத்தில், மகன் 1965 மொழிப் போராட்டத்தில், மருமகன் நெருக்கடி நிலையில் சிறையில். வரலாறு எங்கே கூட்டம் போட்டாலும் வீட்டிலிருந்து ஒருவர் முன்வரிசையில் நிற்கிறார். குடும்ப நாவல் எழுதும் பலருக்கும் இந்த ஆசை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெரும்பாலான குடும்பங்கள் வரலாற்றைப் பேப்பரில் படித்துவிட்டுக் குளிக்கப் போனவைதான்.

டீச்சரிடம் அப்படியே சொன்னேன். கோபப்படவில்லை. "சரி தம்பி, தாத்தா போகலைன்னா அந்த வீட்ல அன்னிக்கு என்னதான் நடந்துருக்கும்?" என்று கேட்டார். எடிட்டருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்ட உப்புச் சத்தியாகிரகப் படை, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகத்தான் நடந்தது. தஞ்சை கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறு போட்டாலும் இடம் கொடுத்தாலும் தண்டனை என்று அறிவித்திருந்தார். அப்படியும் ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்பது அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படுகிற விஷயம். டீச்சரின் புதிய வரைவில் தாத்தா கலெக்டர் உத்தரவுக்குப் பயந்து வாசல் கதவைச் சாத்திக்கொள்கிறார். கொல்லைப்புறமாகப் பாட்டியும் விதவை நாத்தனாரும் புளிச்சோற்று மூட்டைகளோடு இருட்டில் இறங்குகிறார்கள். விடிந்ததும் அரிசிப் பானையின் அளவு குறைந்திருப்பதைத் தாத்தா பார்க்கிறார், எதுவும் கேட்கவில்லை. முதல் வரைவில் கொடி பிடித்து நடந்த தாத்தாவைவிட இவரைத்தான் எனக்குத் தெரிந்தமாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அட்டவணையில் இரண்டு வரிசைகளைச் சேர்த்தோம். ஒன்றில் சட்டம் வந்த வருஷம். இன்னொன்றில் அது இந்த வீட்டுக்குள் வந்த வருஷம். இரண்டும் அநேகமாக எங்கேயும் பொருந்தவில்லை. பண்ணையாள் பாதுகாப்புக்கு 1952லேயே அவசரச் சட்டம் வந்துவிட்டது; இந்த வீட்டுப் பண்ணையாள் திண்ணையோரம் நிற்பதற்கு இன்னும் ஒரு தலைமுறை ஆகிறது. நேர்மாறாக, நில உச்சவரம்பு வருவதற்கு முன்பே வீட்டுக்குள் வந்துவிட்டது. 1961ல் நிறைவேறிய சட்டம் 1960 ஏப்ரல் 6ஐக் கணக்கு நாளாக வைத்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், அதாவது நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர். 1970ல் அது 15 ஆனது. டீச்சர் முதலில் நிலம் மாற்றுகிற காட்சிகளை 1962ல் வைத்திருந்தார். அந்தக் கணக்கு நாளுக்குப் பிறகு மாற்றிய பத்திரங்களை அதிகாரி செல்லாது என்று சொல்லிவிடலாம், விவரமான மிராசுதார் அவ்வளவு தாமதிக்க மாட்டார் என்றேன். காட்சி 1959 அறுவடைக்குப் போனது.

நாவலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அங்கேதான் உருவானது. வேலிக் கணக்கில் (வேலி என்பது தஞ்சைப் பக்கத்துப் பழைய நில அளவு) இருக்கும் நிலத்தைக் காப்பாற்றத் தாத்தா அதை மருமகள்கள் பெயருக்கு எழுதி வைக்கிறார். எல்லாம் காகிதத்தில்தான், சாவியும் வரவு செலவும் அவரிடமே. பத்து வருஷம் கழித்து ஒரு வயலை விற்க வேண்டிவரும்போது இரண்டாவது மருமகள் கையெழுத்துப் போட மறுக்கிறாள். "என் பேர்லதானே இருக்கு?" நிலமற்றவர்களுக்காக வந்த சட்டம் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை, அதை ஏய்ப்பதற்காக எழுதிய பத்திரம் அந்த வீட்டுப் பெண் ஒருத்திக்கு முதல்முறையாக ஒரு குரலைக் கொடுக்கிறது. வரலாற்றுப் புத்தகத்தில் இந்தக் கோணலுக்கு இடமிருக்குமா என்று தெரியவில்லை. நாவலுக்கு இதுதான் சாப்பாடு.

1968தான் எங்களுக்குள் சிக்கலானது. அந்த வருஷம் டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சி அது. வரைவில் குடும்பத்தின் இளைய மகன் மறுநாள் பஸ் பிடித்து அங்கே போய் அழுதுவிட்டு வருவான். பன்னிரண்டு பக்கம், நன்றாக எழுதப்பட்ட பக்கங்கள். மிராசுதார் வீட்டுப் பையனின் கண்ணீரை அந்த இடத்தின் நடுவில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை, சொல்லிவிட்டேன். டீச்சர் சில நாள் போனை எடுக்கவில்லை. அப்புறம் வந்தது ஒன்றரைப் பக்கம். செய்தித்தாளைப் படித்த அப்பா அதை மடித்து அலமாரிக்கு மேலே போடுகிறார். அடுத்த அறுப்பில் கூலி அளக்கும்போது களத்தில் வேறு மரக்கால் இருக்கிறது. அந்த வீட்டில் வாங்குவதற்கு ஒன்று, கொடுப்பதற்குச் சற்றுச் சின்னதாக ஒன்று என்று இரண்டு மரக்கால் உண்டு என்பதை வாசகர் நூறு பக்கம் முன்பே படித்திருப்பார். களத்தில் யாரும் எதுவும் சொல்வதில்லை. அளப்பவர், வாங்குபவர், இரண்டு பேருக்கும் தெரியும்.

பெண்களின் சொத்துரிமை விஷயத்தில் மட்டும் சட்டப் புத்தகமே கதை எழுதிக் கொடுத்தது. 1956 வாரிசுரிமைச் சட்டத்தில் பிறப்பாலேயே பூர்வீகச் சொத்தில் பங்கு மகனுக்குத்தான். தமிழ்நாடு 1989ல் திருத்தம் கொண்டுவந்து மகளையும் சேர்த்தது, ஆனால் 1989 மார்ச் 25க்கு முன் திருமணமானவர்களுக்கு இல்லை. நாவலில் மூத்த பேத்திக்கு 1988ல் கல்யாணம், இளையவளுக்கு 1990ல். டீச்சர் இதை யோசித்து வைக்கவில்லை, தற்செயல். அட்டவணையைக் காட்டினேன். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு உண்டு, ஒருத்திக்கு இல்லை. நடுவில் ஒரு முகூர்த்த நாள். "அக்காவுக்கு ஜாதகம் சீக்கிரம் பொருந்தினதுக்கு இது தண்டனையா?" என்று சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். 2005ல் மத்தியச் சட்டம் இந்தத் திருமண நிபந்தனையை எடுத்துவிட்டது. நாவலில் மட்டும் அது யாருக்கும் பயன்படவில்லை. பத்திரப்பதிவு அலுவலக வாசலில் இரண்டு பேத்திகளுமே தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்கள், பிறந்த வீட்டு உறவு வேண்டும் என்று. கடைசியில் யாராவது வழக்குப் போடட்டுமே என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். டீச்சர் மசியவில்லை. அவர் பக்கம்தான் நியாயம் என்று இப்போதும் அரைமனதாகவே ஒத்துக்கொள்கிறேன்.

அச்சுக்குப் போகும் நேரத்தில் வம்சாவளிப் பக்கம் வந்தது. இவ்வளவு பெரிய நாவலுக்கு முன்னால் ஒரு குடும்ப மரம் போட்டால்தான் வாசகர் வழி தவறமாட்டார். டீச்சர் இரண்டு மரம் கேட்டார். ஒன்று மிராசுதார் குடும்பத்துக்கு, இன்னொன்று பண்ணையாள் குடும்பத்துக்கு. அந்தக் குடும்பமும் நான்கு தலைமுறையாகக் கதை முழுக்க வருகிறது, 1994ல் அவர்கள் வீட்டு நர்ஸ் பெண் இந்த வீட்டு நிலத்தில் ஒரு துண்டை வாங்குகிறாள். பதிப்பாளர் தலையைச் சொறிந்தார். பக்கக் கணக்கு சரியாக ஃபாரத்தில் (ஒரே தாளில் சேர்த்து அச்சிடும் பக்கங்களின் தொகுதி) முடிகிறது, ஒரு பக்கம் கூடினாலும் இன்னொரு ஃபாரம், புத்தகக் காட்சிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். நன்றியுரையைச் சுருக்கி இடம் பிடித்தோம்.

முதல் மரத்தை வரைவது சுலபம். பத்திரம், ஜாதகம், கல்யாணப் பத்திரிகை என்று ஒரு குடும்பம் எழுதி வைத்த காகிதத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டாவது குடும்பம் காகிதத்தில் முதலில் தலைகாட்டுவது பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில், மதிய உணவு தொடங்கிய 1956க்குப் பிறகு. அதிலும் பிறந்த தேதி வாத்தியார் போட்டது. "கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொல்லுவோம். தொட்டுட்டா அஞ்சு வயசு. ஜூன்ல ஒரு தேதியைப் போட்டுருவோம்" என்றார் டீச்சர். அப்படி எத்தனையோ பேருக்குப் பிறந்தநாள் கொடுத்தவர் அவர். அந்தக் குடும்பத்தின் முதல் தலைமுறைப் பெண்களுக்குக் கற்பனைப் பெயர் வைத்துவிடலாமே என்றேன், நாவல்தானே. வேண்டாம் என்றார். மரத்தில் கோடு இருக்கட்டும், கட்டம் காலியாக இருக்கட்டும்.

வடிவமைப்பாளர் அதை விடுபட்ட தகவல் என்று நினைத்து ஒவ்வொரு மெய்ப்பிலும் வட்டமிட்டுக் கேள்விக்குறி போட்டு அனுப்பினார். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதித் திருப்பினேன்.