சவுக்கார வரைபடத்தின் பக்கத்தில்

கண்காட்சிக் கூடத்தில் காவல் நிற்கிறவர்கள் படைப்புகளை அதிகம் பார்ப்பதில்லை. ஆட்களின் கையையும் காலையும்தான் பார்ப்போம். யார் குனிகிறார்கள், யார் முதுகுப்பையோடு பின்பக்கமாக நகர்கிறார்கள் என்பதே கவலை. 2016 கோடையில் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில், பாலஸ்தீனப் பெற்றோருக்குப் பிறந்த கலைஞர் மோனா ஹாட்டூமின் கண்காட்சி நடந்தபோது எனக்கு அது மாறிப்போனது.

முதலில் என்னைப் பிடித்தது 'ஹோம்பவுண்ட்'. மேசை, கதிரை, இரும்புக் கட்டில், தொட்டில், அரிதட்டு, துருவி என்று எல்லாமே வீட்டுச் சாமான்கள். அவற்றைக் கம்பியால் ஒன்றோடொன்று தொடுத்து மின்சாரம் பாய்ச்சியிருக்கிறார். மின்குமிழ்கள் மங்குவதும் எரிவதுமாக இருக்க, அந்த மின்சாரத்தின் இரைச்சல் ஒலிபெருக்கியில் ஏறி இறங்கும். நமக்கும் சாமான்களுக்கும் நடுவே இழுத்துக் கட்டிய கம்பிவேலி. வருகிறவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். எங்களுக்கு வேலையே அங்கே நிற்பதுதான். சில நாள் வீட்டுக்கு வந்து குசினியில் ஃபிரிட்ஜ் உறுமினாலே அதன் கைப்பிடியைத் தொட யோசனையாக இருக்கும். இடம்பெயர்ந்தவர்களைப் பற்றிய சோகச் சித்திரங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். மனம் கலங்கும், அப்புறம் மறந்துவிடும். சொந்த வீட்டுக் கரண்டியைக்கூட நம்ப முடியாமல் போவது எப்படி இருக்கும் என்று என் உடம்புக்குச் சொன்னது இந்த அறைதான்.

ஹாட்டூமின் பெற்றோர், இன்று இஸ்ரேலில் இருக்கும் ஹைஃபாவைச் சேர்ந்த பாலஸ்தீனர்கள். 1948இல் ஊரை விட்டு லெபனானின் தலைநகர் பெய்ரூட்டுக்குப் போனார்கள். 1952இல் மகள் அங்கே பிறந்தார். லெபனான் அவர்களுக்கு அடையாள அட்டை கொடுக்கவில்லை. தகப்பன் பிரித்தானியர்களிடம் வேலை பார்த்தவர் என்பதால் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தது. 1975இல் சும்மா சுற்றிப் பார்க்க லண்டன் வந்த மகள், லெபனானில் உள்நாட்டுப் போர் வெடிக்க, இங்கேயே நின்றுவிட்டார்.

அந்தப் பிரிவைப் பற்றியது 1988இல் அவர் செய்த 'மெஷர்ஸ் ஆஃப் டிஸ்டன்ஸ்' என்ற 15 நிமிடக் காணொளி. தாய் குளிக்கும் படங்களின் மேல், அவர் பெய்ரூட்டிலிருந்து எழுதிய கடிதங்களின் அரபு எழுத்துகள் முள்வேலி மாதிரிப் படர்ந்திருக்கும். மகளே அவற்றை ஆங்கிலத்தில் வாசிக்கிறார். கடைசியில், தபால் கந்தோர் குண்டில் அழிந்துபோனது என்று ஒரு செய்தி வரும். யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போகாமல் நின்ற காலத்தை அறிந்தவன் நான். அந்த இடம் வரும்போதெல்லாம் கூட்டத்தைக் கவனிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஆனால் எனக்கு மிக நெருக்கமானது 'பிரசென்ட் டென்ஸ்'. 1996இல் ஜெருசலேமில் செய்தது. பாலஸ்தீனத்தின் நாப்லஸ் நகரத்து ஒலிவ் எண்ணெய்ச் சவுக்காரக் கட்டிகள் இரண்டாயிரத்துக்கும் மேல் தரையில் பரப்பியிருக்கும். நாப்லஸில் இது நூற்றாண்டுகளாக நடக்கும் தொழில்: எண்ணெயைக் காய்ச்சி, தரையில் ஊற்றி, இறுகியதும் வெட்டி, காய்வதற்குக் கோபுரம் கோபுரமாக அடுக்குவார்கள். அந்தக் கட்டிகளில் பொடிச் சிவப்புக் கண்ணாடி மணிகளை அழுத்தி ஹாட்டூம் ஒரு வரைபடம் போட்டிருக்கிறார். இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் செய்த 1993 ஒஸ்லோ ஒப்பந்தத்தின் வழியில் பாலஸ்தீனரிடம் ஒப்படைக்கப்பட இருந்த நிலத்துண்டுகள் அவை. ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தீவு தீவாகக் கிடக்கும். ஜெருசலேமில் அதைப் பார்க்க வந்த பாலஸ்தீனர்களுக்கு அந்த வாசனையே போதுமாக இருந்ததாம்.

எங்கள் கூடத்தில் பலருக்கு அது முதலில் வடிவான பூவேலைப்பாடாகத்தான் தெரியும். உண்மையான சவுக்காரமா, கரையாதா என்று கேட்பார்கள். ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் கோட்டருகே வந்து நின்று, ஹைஃபா எங்கே என்று காட்டச் சொன்னார். நானும் அவரோடு சேர்ந்து தேடினேன். அது அந்த மணிகளுக்குள் எங்குமே இல்லை. இருக்கவும் முடியாது, ஒப்பந்தம் பேசிய நிலத்தில் ஹைஃபா கிடையாது. இல்லை என்று சொன்னேன். "எனக்குத் தெரியும், தம்பி. நீங்களும் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்" என்ற மாதிரி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார்.

அதன் பிறகு யாராவது அந்த வரைபடத்தைப் பற்றி என்னிடம் கேட்டால், மணிகள் எதைக் காட்டுகின்றன என்று சொல்வதோடு நிறுத்துவதில்லை. இதைச் செய்தவரின் பெற்றோருடைய ஊர் இதில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன். காவல்காரனுக்கு இந்தக் கதையெல்லாம் எதற்கு என்று கூட வேலை செய்தவர்கள் கேட்டார்கள். எனக்கு அது வேலையின் ஒரு பகுதியாகத்தான் பட்டது.