உசாத்துணைப் பட்டியல்: சஞ்சிகைக்கு அனுப்புமுன் எதை எங்கே திருத்துவது

கொழும்பில் பட்டப்பின் படிப்போடு முதல் ஆய்வுக் கட்டுரையையும் எழுதுகிறவர்கள் பலர் உசாத்துணைப் பட்டியலைக் கடைசி இரவுக்கு ஒதுக்கிவைப்பார்கள். ஸ்டைலை, அதாவது சஞ்சிகை கேட்கும் மேற்கோள் வடிவத்தை, மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கை. ஸ்டைல் மாற்றுவது ஒரு கிளிக் வேலைதான். ஆனால் ஸோடெரோ, மெண்டலே, எண்ட்நோட் என உசாத்துணைகளைச் சேமித்து அடுக்கும் மென்பொருள் எதுவானாலும் தன்னிடம் பதிவாகியிருப்பதைத்தான் அடுக்கித் தரும். பதிவில் குப்பை இருந்தால் அந்தக் குப்பையே ஒழுங்காக அடுக்கப்பட்டு வரும். ஆகவே வேர்ட் கோப்பில் கைவைக்காமல் மென்பொருளில் உள்ள பதிவைத் திருத்துங்கள். வேர்டில் கையால் திருத்தியவை அடுத்த 'ரிஃப்ரெஷ்' உடன் பழையபடி ஆகிவிடும்.

முதலில் சஞ்சிகை எந்த முறையைக் கேட்கிறது என்று பாருங்கள். 1887 முதல் வெளிவரும் சிலோன் மெடிக்கல் ஜேர்னல் எண்முறையைக் கேட்கிறது, அதாவது மேற்கோள்களுக்குப் பாடத்தில் வரும் வரிசையில் எண். தேசிய விஞ்ஞான மன்றத்தின் சஞ்சிகைக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் வேண்டும். எண்முறையின் பொதுப்பெயர் வான்கூவர். 1978இல் மருத்துவ இதழாசிரியர்கள் அந்நகரில் கூடி வகுத்த விதிகளிலிருந்து வந்தது. அதில் ஒரு பதிவின் வடிவம் இப்படி: ஆசிரியர்கள். கட்டுரைத் தலைப்பு. சஞ்சிகைச் சுருக்கப்பெயர். 2021;66(2):284-7. இலக்கங்கள் முறையே ஆண்டு, தொகுதி, இதழ், பக்கங்கள். ஆண்டுக்குப் பின் அரைப்புள்ளி, இடைவெளி கிடையாது. 284 முதல் 287 வரையான பக்கங்களுக்கு 284-7 என்றால் போதும். ஆறு பேருக்கு மேல் ஆசிரியர்கள் இருந்தால் முதல் ஆறு பேரோடு 'எட் ஆல்' ('மற்றும் பிறர்') போடுவதே வழக்கம். மூன்று பேரோடு நிறுத்தும் சஞ்சிகைகளும் உண்டு. எண் மேலெழுத்தா அடைப்புக்குறிக்குள்ளா, முற்றுப்புள்ளிக்கு முன்னா பின்னா என்பதும் சஞ்சிகைக்குச் சஞ்சிகை மாறும். 'வான்கூவர்' என்ற பெயரை மட்டும் பார்த்து ஸ்டைலைத் தெரிவுசெய்தால் இங்கேதான் சறுக்கும். ஸோடெரோவின் ஸ்டைல் களஞ்சியத்தில் அந்தச் சஞ்சிகையின் பெயரையே தேடி இறக்குங்கள். பிறகு அதன் அண்மைய இதழில் வந்த ஒரு கட்டுரையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஆசிரியர்களுக்கான அறிவுறுத்தல்கள் சில வேளை பழையதாகக் கிடக்கும், அச்சான கட்டுரை பொய் சொல்லாது.

ஆசிரியர் பெயரும் ஆண்டும் இடும் ஏ.பி.ஏ. முறையைக் கேட்டால், 2019இல் வந்த ஏழாம் பதிப்பா என்று உறுதிசெய்யுங்கள். அதில் 20 ஆசிரியர்கள் வரை பட்டியலில் பெயர் வரவேண்டும். பாடத்துக்குள் (கட்டுரையின் உடலில்) மூவர் என்றாலே 'எட் ஆல்'. வெளியீட்டாளரின் ஊர் தேவையில்லை. சீனியர்களிடமிருந்து கைமாறி வரும் குறிப்புகளில் பல இன்னும் ஆறாம் பதிப்பிலேயே நிற்கின்றன.

அதிகம் பிழைப்பது பெயர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரு கட்டங்களில் பிரித்துப் போட்டால், பட்டியலில் 'ஓர்கனைசேஷன் டபிள்யூ.எச்.' என்று ஓர் ஆள் முளைப்பார். சுகாதார அமைச்சு, தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் எல்லாவற்றுக்கும் இதே கதி. ஸோடெரோவில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் ஒற்றைக் கட்டமாகும். நிறுவனப் பெயரை அதில் முழுதாக இடுங்கள்.

நம் நாட்டு ஆட்பெயர்கள் இன்னொரு சிக்கல். 'டி சில்வா'வில் 'டி' முதற்பெயர்க் கட்டத்துக்குள் போய்விட்டால் அகரவரிசையே மாறும். இரண்டையும் குடும்பப்பெயர்க் கட்டத்தில் வையுங்கள். தமிழ்ப் பெயர்களில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே, சொந்தப் பெயர் பின்னே வருவதால், சொந்தப் பெயரே குடும்பப்பெயர்க் கட்டத்துக்குப் போகும். ஆனால் சிலர் வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் வரிசையை மாற்றி எழுதுகிறார்கள். அந்தக் கட்டுரையின் முதற்பக்கத்தில் உள்ளபடியே எடுங்கள், உங்கள் ஊகத்தில் திருத்தாதீர்கள். ஒரே ஆசிரியர் ஒரு பதிவில் முழுப்பெயரோடும் மற்றதில் முதலெழுத்தோடும் இருந்தால், ஏ.பி.ஏ. முறையில் மென்பொருள் அவரை இருவர் என்று எண்ணிப் பாடத்துக்குள் முதலெழுத்துகளைச் சேர்த்துவிடும். மேற்கோளில் காரணமில்லாமல் முதலெழுத்து தெரிந்தால் தேடவேண்டிய இடம் இதுதான்.

ஆங்கிலத் தலைப்புகளில் முதற்சொல்லும் சிறப்புப் பெயர்களும் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்குமாறு பதிவில் வையுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பெரிய எழுத்து கேட்கும் ஸ்டைலுக்கு மென்பொருள் தானே மாற்றிக்கொள்ளும்; மறுதிசையில் அதனால் நம்பிக்கையாக மாற்ற முடியாது. டெங்கு பற்றி எழுதுவோர் ஏடிஸ் ஈஜிப்டி போன்ற இனப்பெயர்கள் சாய்வெழுத்தில் உள்ளனவா என்றும் பார்க்கவேண்டும்.

உள்ளூர் மூலங்களைத் தானாக இறக்கினால் பாதிக் கட்டங்கள் வெறுமையாக வரும். சுகாதார அமைச்சின் ஆண்டறிக்கைகளில் தலைப்பிலுள்ள ஆண்டும் வெளியான ஆண்டும் வேறாகலாம். வெளியான ஆண்டே ஆண்டுக் கட்டத்துக்கு உரியது, தரவின் ஆண்டு தலைப்போடு நிற்கட்டும். வான்கூவரில் 'கொழும்பு: சுகாதார அமைச்சு; 2021' என்று ஊரும் வரும். வலைத்தளத்தில் இருந்து எடுத்த அறிக்கைக்கு வான்கூவரில் பார்த்த திகதியும் அவசியம். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள ஆவணமானால், தலைப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சதுர அடைப்புக்குள் இட்டு மொழியையும் குறிப்பிடுங்கள்.

எண்முறையில் அட்டவணைகள் பலரைக் கவிழ்க்கும். அட்டவணைக்குள் மட்டும் வரும் மேற்கோள், அந்த அட்டவணை பாடத்தில் முதன்முதல் குறிப்பிடப்படும் இடத்தின் வரிசையில் எண் பெறவேண்டும். அட்டவணைகளைக் கோப்பின் கடைசியில் வைத்தால் மென்பொருளுக்கு இது புரியாது. எழுதி முடியும்வரை அட்டவணையை அதன் இடத்திலேயே வைத்திருங்கள்.

மேற்பார்வையாளரிடம் போய்வந்த கோப்பில் யாராவது '(12)' என்று கையால் தட்டியிருக்கலாம். மற்ற எண்கள் நகரும்போது அது மட்டும் அசையாது. வேர்டில் ஆல்ட், எஃப்9 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள்: மென்பொருளோடு இணைந்த உயிருள்ள மேற்கோள்கள் நீண்ட குறியீடாக விரியும், கையால் தட்டியவை எண்ணாகவே நிற்கும். மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகும். கோப்பை கூகுள் டொக்ஸில் திறந்து மீண்டும் இறக்கினால் ஸோடெரோவின் மேற்கோள்கள் எல்லாம் வெறும் எழுத்தாகிவிடும். கூட்டாசிரியர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒரே கட்டுரைக்கு 7 என்றும் 19 என்றும் இரு எண் வந்தால், ஒருவர் மென்பொருளில் எல்லோரும் பகிரும் குழு நூலகத்திலிருந்தும் மற்றவர் தன் நூலகத்திலிருந்தும் செருகியிருப்பார். ஒன்றை நீக்கி மற்றதிலிருந்து மீண்டும் செருகவேண்டும்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான இணைய அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணையும் உலாவியில் இட்டு, திறக்கும் கட்டுரை நீங்கள் சொன்னதுதானா என்று பாருங்கள். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த உசாத்துணைகள் இந்த இடத்தில்தான் பிடிபடும்: எண் வேலைசெய்யாது, அல்லது முற்றிலும் வேறு கட்டுரை திறக்கும். வெளியான பின் சஞ்சிகையால் மீளப்பெறப்பட்ட கட்டுரைகளை ஸோடெரோ சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும், அதைக் கடந்துபோகாதீர்கள். முன்வெளியீடாக (மதிப்பாய்வுக்கு முன் இணையத்தில் வந்ததாக) எடுத்தது இதற்கிடையில் சஞ்சிகையில் வந்திருந்தால் அந்தப் பதிப்புக்கு மாறுங்கள், எண்களும் முடிவும் மாறியிருக்கலாம்.

அனுப்புவதற்குக் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து, அதில் மட்டும் 'அன்லிங்க்' கொடுங்கள், மேற்கோள்கள் வெறும் எழுத்தாகும். உயிருள்ள மூலக் கோப்பு உங்களிடமே இருக்கவேண்டும். மதிப்பாய்வாளர் இரண்டு உசாத்துணை கூட்டச் சொன்னாலும், வேறு சஞ்சிகைக்கு மாற்றி அனுப்ப நேர்ந்தாலும் வேலை அதில்தான் நடக்கும்.