மூன்றாவது பந்தி

"தம்பி, இங்க வா. நம்ம ஆட்கள் எல்லாம் இங்கதான் இருக்கோம்."

எதிர் வரிசையிலிருந்து மாமா கூப்பிட்டார். ஆலய அசனம், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து. மூன்றாவது பந்தி. என் பக்கத்தில் சபைக்குப் புதிதாக வந்திருக்கும் அண்ணன்.

நான் எழுந்து போய்விட்டேன்.

சோறுகூட விழவில்லை. இலையில் தெளித்த தண்ணீர்தான் இருந்தது. அண்ணன் என் இலையைப் பார்த்தார், அப்புறம் குனிந்து தன் இலையை இன்னொரு முறை துடைத்தார். ஏற்கெனவே துடைத்த இலைதான்.

இயேசுவின் சீடர் பேதுரு என்றால் நமக்கு, அவர் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த, சேவல் கூவிய ராத்திரிதான் ஞாபகம் வரும். அன்றைக்காவது உயிர்ப்பயம் என்று சொல்லலாம். எனக்கு உறுத்துவது பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 2-ம் அதிகாரம். அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொள்கிறார். அங்கே வாளும் இல்லை, சிறையும் இல்லை. நம்ம ஆட்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம்தான். பெந்தெகொஸ்தே பண்டிகை நாளில் கூட்டத்தின் முன் எழுந்து நின்று இயேசுவைப் பற்றிப் பேசிய அதே ஆள்!

அவரைப் பார்த்து மற்ற யூதரும் விலகினார்கள். பவுலின் ஊழியத் தோழர் பர்னபாவும்கூட. பவுல் ஒருவர்தான் எல்லார் முன்பாகவும் முகத்துக்கு நேரே கேட்டார்.

இன்று எங்கள் பந்தியில் பவுல் யாரும் இல்லை. நான் எழுந்ததைப் பார்த்து என் பக்கத்துப் பையனும் இலையைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தான். அவனுக்குப் பதினொரு வயது இருக்கும்.

அண்ணன் நம்பர் என்னிடம் இருக்கிறது. சாயங்காலத்திலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.