திப்பியில் இருந்து சிவப்பு

ராசிபுரம் பக்கம் போனவர்களுக்கு அந்த வாடை தெரியும், சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மரவள்ளிக்கிழங்கை அரைத்து மாவைப் பிரித்தபின் மிஞ்சுகிற திப்பியைக் களத்தில் காயப்போட்டிருப்பார்கள், புளித்த வாடை ரோடு வரைக்கும் வரும். மாட்டுத் தீவனத்துக்குப் போகும். மழை பிடித்தால் அப்படியே அழுகும்.

அந்தத் திப்பியிலேயே உணவுக்கான சிவப்பு நிறம் எடுக்கலாம். மொனாஸ்கஸ் என்று ஒரு பூஞ்சை, சீனாவில் பல நூறு வருடங்களாக அரிசியில் வளர்த்து மீனுக்கும் கறிக்கும் நிறம் சேர்க்கிறார்கள். கழிவை ஈரப்படுத்தி, ஆவியில் வேகவைத்து, ஆறியதும் பூஞ்சையின் வித்துக்களைக் கலந்து 30 டிகிரி சூட்டில் ஒன்றிரண்டு வாரம் விட்டால், மாவுச்சத்தைத் தின்று மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றையும் உண்டாக்கும். பலாக்கொட்டை மாவில் திருவனந்தபுரம் ஆய்வுக்கூடத்தில் செய்தே காட்டிவிட்டார்கள்.

ஆனால் வீட்டில் யாரும் முயற்சி செய்யாதீங்க. இந்தப் பூஞ்சையில் சில ரகங்கள் சிட்ரினின் என்ற நஞ்சையும் சேர்த்துச் சுரக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நஞ்சு சுரக்காத ரகமும் ஒவ்வொரு முறையும் சோதனையும் கட்டாயம் வேண்டும்.

இப்படியொரு நிறம் எதற்கு என்றால், 2024 பிப்ரவரியில், துணிச்சாயமான ரோடமின்-பி இருந்ததால் பஞ்சுமிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் தடை போட்டார்கள். அதற்கு முந்தைய வருடம் மாரியம்மன் நோம்பியில் என் மகள் அழுததால் இரண்டு வாங்கிக்கொடுத்தேன், இன்னும் மனசு உறுத்துகிறது.

சேகோ ஆலை வைத்திருக்கிற நண்பர்கள் யாராவது, ஆய்வு செய்கிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு நாலு மூட்டை திப்பி கொடுக்க முடியும் என்றால் சொல்லுங்க, வண்டி நான் பிடித்துத் தருகிறேன்.