கரடி பார்க்கப் போன இடத்தில்

எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு மலை என்றால் கரும்பலகையில் கீறிய மலைதான். கீரிமலைக்குப் போனாலும் கேணியில் குளித்துவிட்டு வருவோமே தவிர, ஏறுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. புவியியல் சேர் நிறச்சோக்கால் அடையற்பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கீறுவார். பிறகு தன் சால்வையை மேசையில் விரித்து, இரண்டு பக்கமும் கைவைத்து நெருக்கி, மலை மடிவதைக் காட்டுவார். பின்வாங்கில் இருந்த எங்களுக்குச் சால்வை எப்போது கீழே விழும் என்பதிலேயே கவனம்.

அந்தச் சால்வையை நான் நேரில் பார்த்தது 78 பாகை வடக்கில், நோர்வேக்கு வடக்கேயுள்ள ஸ்வால்பார்ட் தீவுகளில்.

நான் புவிச்சரிதவியல் படித்தவன் அல்ல. நோர்வேயின் ஸ்தவாங்கர் நகரில் எண்ணெய்த்துறையில் கணினி வேலை. பாரன்ட்ஸ் கடலுக்கு அடியில் எரிவாயு தேடுகிறவர்கள் அந்தப் பாறைகளைத் துளையிட்டு எடுத்த சிறு துண்டுகளிலும் கணினித் திரையிலும்தான் காண முடியும். அதே காலத்து அடுக்குகள் ஸ்வால்பார்ட்டில் கடலுக்கு மேலே கிளம்பி நிற்கின்றன. மறைப்பதற்கு ஒரு மரம்கூடக் கிடையாது. ஆகவே கோடையில் அந்தத் துறைக்காரர் கூட்டமாக அங்கே போவது வழக்கம். ஒருமுறை ஓர் இடம் மிஞ்ச, என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

போய் இறங்கியது லோங்யர்பியென். 1906இல் ஓர் அமெரிக்கர் நிலக்கரி தோண்டத் தொடங்கி உருவான ஊர். ஊர் முடிகிற இடத்தில் பனிக்கரடி படம் போட்ட எச்சரிக்கைப் பலகை நிற்கும். அதற்கப்பால் துவக்கில்லாமல் போவது புத்தியல்ல. துவக்கைக் கண்டால் ஒழுங்கைக்குள் இறங்கி மாறிப்போன தலைமுறை நாங்கள். இங்கே மாணவி ஒருத்தி அதைத் தோளில் கொழுவிக்கொண்டு முன்னே நடக்க, நான் நிம்மதியாகப் பின்னே போனேன்.

படகு எங்களை ஈஸ்பியோர்ட் என்ற கடற்கழியின் வாயிலில், ஃபெஸ்ட்னிங்கன் கரையில் இறக்கியது. லோங்யர்பியெனைச் சுற்றியுள்ள மலைகளில் பாறை அடுக்குகள் படுத்த நிலையில் இருக்கும், உச்சியும் தட்டை. இங்கேயோ அவை செங்குத்தாக நிற்கின்றன. வட அத்திலாந்திக் திறந்துகொண்டிருந்த காலத்தில், ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன், கிறீன்லாந்து உரசி நெருக்கியதில் மேற்குக்கரை முழுவதும் மடிந்துபோயிற்று. அதனால் இங்கே காலத்தைப் பார்க்க மலை ஏறத் தேவையில்லை. கரையோரமாகக் கிழக்கே நடந்தால் போதும், ஒவ்வோர் அடிக்கும் பாறையின் வயது குறைந்துகொண்டே வரும்.

நடந்தால்தானே! இந்த மனிதர்கள் நடப்பதில்லை, நிற்கிறார்கள். பத்து மீற்றருக்கு ஒரு தரிப்பு, சுத்தியலால் ஒரு தட்டு, வில்லையை எடுத்துக் கண்ணோடு ஒட்டி ஒரு பார்வை, பிறகு ஒரு வாக்குவாதம். பாறை தெரியாத எனக்குத் தொலைநோக்கியைத் தந்து கரடி பார்க்கச் சொன்னார்கள். உண்மையில் நல்ல வேலை. எதிர்க்கரையில் அல்க்கோர்னெட் மலை கடலிலிருந்து நெட்டுக்கு எழும்பி நிற்க, அதன் முகத்தில் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில். வடக்கே கூர்முனைகளுக்கு நடுவால் பனிக்கட்டியாறுகள் கடல்வரை இறங்கியிருந்தன. இரவு பதினொரு மணிக்கும் வெயில். அவ்வளவு அழகுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு மற்றவர்கள் எல்லாரும் கல்லில் மூக்கை வைத்திருந்தார்கள்.

கரடி வரவில்லை. அலுத்துப்போய் நின்ற என்னை ஒரு பேராசிரியை கூப்பிட்டு, சாம்பல் நிறப் பாறையில் பெருவிரல் அகலச் சிப்பி ஒன்றைக் காட்டினார். 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய பேர்மியன் காலத்துக் கைக்காலி, சிப்பிபோல இரட்டை ஓடுள்ள கடலுயிர். சின்னப் போத்தலிலிருந்து ஒரு சொட்டு ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம் விட்டார். சிப்பி உஸ் என்று நுரைத்தது. கல்லூரி ஆய்வுகூடத்தில் கிணற்றடிக் கல்லில் நாங்கள் விட்டுப் பார்த்த அதே நுரை. எங்கள் ஊரே சுண்ணாம்புக்கல்தான், ஒன்றிரண்டு கோடி ஆண்டுகளே ஆன மயோசீன் காலத்தது என்றேன். “அப்ப அது சின்னப்பிள்ளை” என்று சிரித்தார்.

கொஞ்சம் தள்ளிப் போனால் அந்த வன்பாறை முடிந்து, கைபட்டாலே உதிரும், சேறு இறுகிய கரிய மாக்கல் தொடங்குகிறது. கிட்டத்தட்ட 25 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த இனங்களில் பெரும்பகுதி அழிந்தது இந்த மாற்றத்தையொட்டித்தான். சைபீரியாவில் பெருகிய எரிமலைக் குழம்பும் அதன் வாயுக்களும் கடலைச் சூடாக்கி, ஒட்சிசனைக் குறைத்தன என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். கண்ணுக்குத் தெரியும் கோடும் பேர்மியன் முடியும் கோடும் ஒன்றல்ல, இரண்டாவது சற்று மேலே என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் மறுக்க, தேத்தண்ணி ஆறிப்போயிற்று. வாக்குவாதம் எனக்கு விளங்கவில்லை. ஆனால் வன்பாறையில் ஒரு கையும் மாக்கல்லில் மறுகையும் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டேன். தொலைநோக்கியை வேறொருவர் வாங்கிக்கொண்டார்.

அதே கரையில், இன்னும் கிழக்கே உள்ள மணற்கல்லில், 1960இல் டைனோசர் கால்தடங்களைக் கண்டிருக்கிறார்கள். கண்டவர்களும் இப்படிச் சுற்றுலாவாக வந்த புவிச்சரிதவியலாளர்தானாம்.

போக விரும்பும் எங்கள் பழைய மாணவர் சங்க உறுப்பினர்களுக்கு ஒரு விசயம். ஸ்வால்பார்ட் நோர்வேயின் ஆட்சியில் இருந்தாலும், ஒரே விசாவில் ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வர விடும் செங்கன் எல்லைக்கு வெளியே. கடவுச்சீட்டை மறக்க வேண்டாம். விசாவில் வருகிறவர்கள் இருமுறை நுழையும் அனுமதி எடுக்க வேண்டும். அடுத்த ஒன்றுகூடலை அங்கேயே வைக்கலாம் என்று செயலாளரிடம் சொல்லிப் பார்த்தேன். துவக்கு யார் தூக்குவது என்று கேட்கிறார்.